ஒன்று எடுத்தால் இரண்டு

வெள்ளையடிப்பதற்காக வீட்டைக் காலி செய்தபோது என் பழைய மேஜை டிராயரில் ஒரு ஃப்ளாப்பி கிடைத்தது. மூன்றரை அங்குலம், கறுப்பு. லேபிளில் என் கோணல் கையெழுத்தில் ‘லைப்ரரி, ஃபைனல், தொடாதே’ என்று எழுதியிருந்தது. 2007இல், மூன்றாம் செமஸ்டரில், டர்போ சி-யில் நான் எழுதிய நூலக நிரல். நான் முதன்முதலாக ‘இது என்னுடையது’ என்று நினைத்த நிரல். லேபிள் சொன்னபடியே பதினெட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. யுஎஸ்பி-யில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை வரவழைத்துப் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். ‘ஃபார்மாட் செய்யட்டுமா?’ என்று கேட்டது விண்டோஸ்.

இதற்கு வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று தேடப் போய்த்தான் பழைய கணினிக் குழுக்களின் உலகத்துக்குள் விழுந்தேன். டொராண்டோவில், கமடோர் பெட் என்ற கணினி வைத்திருந்தவர்கள் எழுபதுகளின் கடைசியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கணினியைச் செய்த கமடோர் நிறுவனம் 1994இல் திவாலாகிவிட்டது. சங்கம் இன்னும் கூடுகிறது, டிசம்பரில் கண்காட்சிகூட நடத்துகிறது. 1997இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த வின்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் இப்போது நியூ ஜெர்ஸியிலும் நடக்கிறது. கசிந்த கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைக்கிறார்கள். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் பெட்டிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, வற்றல் காயப்போடுவதுபோல வெயிலில் வைக்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம்விட அவர்கள் அதிகமாகச் செய்யும் வேலை காப்பி எடுப்பது. காந்தப் பூச்சு உதிர்வதற்குள் பழைய வட்டுகளைப் படித்து இன்னொரு இடத்தில் எழுதி வைப்பது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்பதுகளில் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த மென்பொருள்கள் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டி விற்கப்பட்டன. பூட்டை உடைத்த பையன்கள் முதல் திரையில் தங்கள் பட்டப்பெயரைப் பெருமையாகப் போட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். அதனால் பல மென்பொருள்கள் இன்று நமக்குக் கிடைப்பது அந்தத் திருட்டுப் பிரதிகளாகத்தான். பூட்டிய அசல் வட்டுகளைத் தேடிப் பிடித்து, பூட்டு உடைத்து, இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்க்கும் வேலையை ‘4 ஏஎம்’ என்ற புனைபெயரில் ஒருவர் வருஷக்கணக்காகச் செய்துவருகிறார். அமெரிக்க அரசே 2003இல், வழக்கொழிந்த வடிவங்களில் இருக்கும் மென்பொருளைக் காப்பகங்கள் பாதுகாப்பதற்காகப் பூட்டை உடைக்கலாம் என்று விதிவிலக்குக் கொடுக்கவேண்டி வந்தது.

மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிறவன் நான். இதைப் படித்தபோது எந்தப் பக்கம் நிற்பது என்று சத்தியமாகத் தெரியவில்லை. இந்தச் சண்டை எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதலில் சண்டையே இல்லை. 1955 ஆகஸ்டில், சான்டா மோனிகாவில், ஐபிஎம் 704 என்ற ராட்சதக் கணினிக்குக் காத்திருந்த விமானக் கம்பெனிக்காரர்களும் மற்றவர்களும் கூடி ஒரு குழு அமைத்தார்கள். பெயரே ‘ஷேர்’. ஆளாளுக்கு அதே நிரலைத் தனித்தனியாக எழுதி ஏன் சாகவேண்டும், ஒருவர் எழுதியதை எல்லோரும் எடுத்துக்கொள்வோம் என்பதுதான் ஏற்பாடு. போட்டிக் கம்பெனிகள்! கணினிதான் விலை, மென்பொருள் அதோடு வரும் கொசுறு. ஐபிஎம் மென்பொருளுக்குத் தனியாக விலை போடப்போவதாக அறிவித்தது 1969இல்தான்.

ஆக, 1975இல் சாதாரண ஆட்கள் வீட்டில் கணினி வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது ‘மென்பொருளுக்குக் காசு’ என்ற எண்ணத்துக்கு வயது ஆறு.

அந்த வருஷம் ஜனவரி ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்கீ நகரில் இருந்த மிட்ஸ் என்ற சின்னக் கம்பெனியின் தயாரிப்பு. உதிரிப் பாகங்களாக வாங்கினால் 397 டாலர். நாமே பற்றவைத்துக் கோர்த்துக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாக ஸ்விட்சுகள், சிவப்பு விளக்குகள். நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியை அதில் ஏற்ற முடியாது.

இதை வாங்கியவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. 1975 மார்ச் 5ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்ற பொறியாளரின் கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம். ஸ்டீவ் வாஸ்னியாக் அன்று வந்திருந்தார், ஆப்பிள் கதை அங்கேதான் முளைத்தது. அதை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தவர் கூட்டத்தைக் கூட்டிய இன்னொருவர், ஃபிரெட் மூர். பொறியாளரே அல்ல, போர் எதிர்ப்பாளர். 1959இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து, படிக்கட்டில் உட்கார்ந்து தனியாளாக உண்ணாவிரதம் இருந்தவர். அவருக்குக் கணினி என்பது ஆட்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஒரு சாக்கு.

ஏப்ரலில், ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்த கூட்டத்துக்கு ஸ்டீவ் டாம்ப்பியர் தன் ஆல்டேரைத் தூக்கிவந்தார். தரையில் உட்கார்ந்து ஸ்விட்சுகளைத் தட்டித் தட்டி ஒரு நிரலை ஏற்றினார். ஒரு பைட்டுக்கு எட்டு ஸ்விட்ச். முடியும் நேரத்தில் யாரோ மின்வயரைத் தட்டிவிட, எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்தார். ரேடியோ பாடியது, பீட்டில்ஸ் பாட்டு!

ஆல்டேருக்கு ஒலி எழுப்ப எந்த வழியும் கிடையாது. ஆனால் அது ஓடும்போது பக்கத்து ரேடியோவில் இரைச்சல் கேட்கும். ஒரு சுழற்சி எத்தனை நேரம் எடுக்கிறதோ அதற்கேற்ப இரைச்சலின் ஸ்தாயி மாறும். சுழற்சிகளின் நீளத்தை அளந்து அளந்து அவர் ஸ்வரம் பிடித்திருக்கிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். கேட்டதும் எனக்கும் கைதட்டத் தோன்றியது. பதினைந்து வருஷ வேலையில் நான் எழுதிய எதற்கும் யாரும் எழுந்து நின்றதில்லை, ‘எல்ஜிடிஎம்’ என்று கமென்ட் போடுவதோடு சரி.

ஆனால் தினமும் ஸ்விட்ச் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? எல்லோருக்கும் பேசிக் மொழி வேண்டியிருந்தது. அதை ஆல்டேருக்கு எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். கணக்குப் பகுதியில் கொஞ்சம் மான்ட்டி டேவிடாஃப். ஹார்வர்டின் கணினியில் இருந்து எழுதினார்கள். மிட்ஸ் அதை விற்ற விதம்தான் வில்லங்கம். மிட்ஸின் நினைவகப் பலகையோடு வாங்கினால் விலை குறைவு, தனியாக என்றால் 500 டாலர், அதாவது கணினியின் விலையைவிட அதிகம். மிட்ஸின் நினைவகப் பலகையோ சரியாக வேலை செய்யாது என்று ஊருக்கே தெரியும்.

1975 ஜூனில் மிட்ஸ் ஆட்கள் வேனில் ஊர் ஊராகப் போய் ஆல்டேரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாலோ ஆல்டோவில் ஒரு ஹோட்டலில் அது பேசிக் ஓடிக்கொண்டிருந்தது. பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கே இன்னும் வந்துசேராத பேசிக். ஓட்டை போட்ட காகித நாடாச் சுருள் ஒன்று அங்கே தரையில் கிடந்தது. யாரோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். அது டான் சோகல் என்பவரின் கைக்கு வந்தது. அவர் வேலை பார்த்த இடத்தில் நாடாவுக்கு வேகமாக ஓட்டை போடும் இயந்திரம் இருந்தது. அடுத்த ஹோம்ப்ரூ கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறைய நாடாக்களோடு வந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு நிபந்தனை: ஒன்று எடுத்தால் அடுத்த முறை இரண்டாகக் கொண்டுவர வேண்டும்.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இருபது வயது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக் வாங்கியிருக்கிறார்கள், எங்களுக்கு வந்த பணத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை, நீங்கள் செய்வது திருட்டு, இப்படியிருந்தால் யார் நல்ல மென்பொருள் எழுதுவார்கள் என்று கேட்டிருந்தார். செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்றும் எழுதினார். ‘அது ஹார்வர்டின் கணினி ஆயிற்றே தம்பி’ என்று ஹோம்ப்ரூ ஆட்கள் மடக்கினார்கள்.

கல்லூரியில் இந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது கேட்ஸை வில்லனாகப் பார்த்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முப்பது ரூபாய் சிடி-யில் எல்லா மென்பொருளும் கிடைத்த காலம் அது. இன்று, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு படிக்கும்போது, அந்த மணிக்கு 2 டாலர் கணக்கு சுருக்கென்று குத்துகிறது. பிழை திருத்தி, கையேடு எழுதி, வருஷம் முழுக்க உட்கார்ந்தவன் காசு கேட்பதில் என்ன தப்பு?

குழுக்காரர்கள் வெறுமனே திட்டிவிட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடிதத்துக்கு முன்பே ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’ என்ற பத்திரிகை, ஒரு சின்ன பேசிக்கை நாமே சேர்ந்து எழுதுவோம் என்று வரைபடம் வெளியிட்டிருந்தது. ‘டைனி பேசிக்’ என்று பெயர். 1976இல் லி-சென் வாங் எழுதிய பதிப்பின் தலைப்பில், ‘எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வழக்கமான வரியைத் திருப்பிப்போட்டு, காப்பிரைட்டை காப்பிலெஃப்ட் ஆக்கி கிண்டல் செய்திருந்தார். டாம் பிட்மன் வேறு வழி பார்த்தார். தன் டைனி பேசிக்குக்கு 5 டாலர் விலை வைத்தார். இந்த விலைக்குத் திருடுவது வீண்வேலை என்பது அவர் கணக்கு. ஆர்டர்கள் வந்தன. 500 டாலருக்கும் இலவசத்துக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் இருந்தது என்பதை இந்தக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

திருட்டு நாடாதான் மைக்ரோசாஃப்ட் பேசிக்கை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது, அதனால்தான் பிறகு வந்த கணினிக் கம்பெனிகள் அதையே தேடிவந்தன, கேட்ஸுக்கு லாபம்தான் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு முழு ஒப்புதல் இல்லை. பின்னால் லாபம் வந்தது என்பதற்காக முன்னால் எடுத்தது சரியாகிவிடுமா? ஆனால் கம்பெனிகள் வந்தது உண்மை. 1977இல் கமடோர் பெட் அந்த பேசிக்கோடுதான் வெளிவந்தது. டொராண்டோவில் ஜிம் பட்டர்ஃபீல்டு போன்றவர்கள் அந்த பேசிக்கை முகவரி முகவரியாகப் பிரித்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பட்டர்ஃபீல்டு 2007இல் இறந்தார். அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு இப்போதும் ஆட்கள் பெட் கணினிகளைப் பழுது பார்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஆல்டேர் பேசிக்கின் மூலநிரலை கேட்ஸே பொதுவில் வெளியிட்டார். செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், பெட் பேசிக்கின் மூலமான 6502 பதிப்பை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டது.

என் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு வருஷம், ஒரு நிறுவனத்துக்காக ஒரு மென்பொருள் எழுதினோம். ஏழு பேர். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்து எழுதியது. பிறகு அந்தத் தயாரிப்பு லாபமில்லை என்று மூடினார்கள், சர்வரை அணைத்தார்கள், சேமிப்பும் அழிந்தது. ஒப்பந்தப்படி ஒரு வரியைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது. நாங்கள் எல்லோரும் நல்லபிள்ளைகள், எடுக்கவில்லை. அந்த நிரல் இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. அதில் நான் எழுதிய ஒரு வரிசைப்படுத்தும் பகுதி எப்படி வேலை செய்தது என்று எனக்கே மறந்துவிட்டது.

ஃப்ளாப்பியை, பெங்களூரில் இருக்கும் நண்பரின் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். வட்டின் காந்த அலைகளையே நேரடியாகப் படித்துப் பதிவுசெய்யும் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறார். ஒரு வாரம் மெனக்கெட்டார். ‘சாரி பிரதர், பூஞ்சை. பாதி டிராக்கில் பூச்சே இல்லை’ என்று போட்டோ அனுப்பினார்.

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்லிப் புலம்பினேன். ரெண்டு நாள் கழித்து ஒரு ஜூனியர் தனியாக மெசேஜ் செய்தாள். ‘அண்ணா, கோச்சுக்காதீங்க. லேப் மெஷின்ல நீங்க வெச்சிருந்தத நாங்க அடுத்த வருஷம் காப்பி அடிச்சுட்டோம். மினி புராஜெக்ட்டுக்கு. என் பழைய மெயில்ல இருக்கு.’

திறந்து பார்த்தேன். மேலே எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவளும் இன்னும் மூன்று பேரும். என் பெயர் இல்லை. வேறு எதையும் மாற்றவில்லை. பிப்ரவரி 29 அன்று புத்தகம் எடுத்தால் அபராதம் எதிர்மறையாக வரும் அந்தப் பிழைகூட நான் விட்டபடியே இருந்தது. அவர்களுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று கேட்டேன். என்னைவிட மூன்று அதிகம்.