நாய் வாலும் நல்லாசானும்

"நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திருந்தாத மனிதனைச் சுட்டவே அது பிறந்ததாயினும், நாயைப் பற்றிய ஒரு தீர்ப்பும் அதனுள் மறைந்து கிடக்கிறது. பிறவிக் குணம் மாறாது, ஆகவே கற்பித்துப் பயனில்லை என்பதே அத்தீர்ப்பு. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கடந்த நூற்றாண்டின் வரலாறு பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தைத் தேடிப் பறங்கியரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1795ஆம் ஆண்டில் அதைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957ஆம் ஆண்டு வரை அங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தனர். இத்தகைய துறைமுகப் பட்டினங்களில் மனிதரிடையே மட்டுமன்றி நாய்களிடையேயும் உயர்வு தாழ்வு புகுந்தது. கப்பலேறி வந்தது சீமை நாய்; அது கற்கும், பணியும், காவல் காக்கும். மண்ணிற் பிறந்தது தெரு நாய். அது குரைக்கும், திருடும், கடிக்கும். தமிழகத்தில் ஒடுக்கப்பட்டிருந்த ஒரு குலத்தாரின் பெயரைத் திரித்தே ஆங்கிலேயர் நாட்டு நாய்க்குப் பெயரிட்டனர். ஒரே சொல்லால் மனிதரையும் நாயையும் இழித்துரைத்த கொடுமை அது.

வேடனோடு காட்டுக்குச் சென்று, அவன் குறிப்பறிந்து நடந்த நாயைச் சங்கப் புலவர்கள் ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார்கள். அந்த மரபில் வந்த நாய்க்குப் பிற்காலத்தில் வாய்த்ததோ வேறு கதி. நீர்வெறுப்பு நோயைத் தடுக்கும் பொருட்டு இலங்கையில் 1893ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், உரியவரின்றித் தெருவில் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்ல வழி செய்தது. நோயின் கொடுமை உண்மையே. ஆயினும், கழுத்தில் வார் உள்ள நாய் பிழைத்தது, இல்லாத நாய் மடிந்தது. எந்த நாய் பழக்கத்தகுந்தது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்கன்று. அது உயிரோடு தொடர்புடையது.

நாயைப் பழக்குவதை ஒரு முறையான கலையாக வகுத்தவர்களுள் ஜெர்மானியர் முன்னின்றனர். 1899ஆம் ஆண்டில் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்பார் அல்சேஷன் நாய்க்கென ஒரு சங்கம் நிறுவினார். அழகை மட்டும் பார்த்து நாயை வளர்த்தால் அறிவு மங்கிவிடும் என்று அஞ்சிய அச்சங்கத்தார், இரண்டே ஆண்டுகளில் பணித்திறன் தேர்வுகளையும் தொடங்கினர். 1910ஆம் ஆண்டில் கொன்ராட் மோஸ்ட் வெளியிட்ட பயிற்சி நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. அவருடைய முறையில் பரிசும் உண்டு, வன்மையும் உண்டு.

முதல் உலகப் போர் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 1917ஆம் ஆண்டில் எட்வின் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலப் படையதிகாரி, ஷூபரினெஸ் என்னுமிடத்தில் போர்நாய்ப் பள்ளி ஒன்றை நடத்தினார். போர்முனையில் தந்திக் கம்பிகள் அறுபட்டபோது செய்தி கொண்டோட நாய்கள் வேண்டியிருந்தன. லண்டன் பட்டர்சி நாய்கள் இல்லத்திலிருந்து கைவிடப்பட்ட நாய்களும் அப்பள்ளிக்கு வந்தன. கலப்பினமென்று அவற்றை ரிச்சர்ட்சன் ஒதுக்கவில்லை. தவறு செய்த நாயை அவர் அடிக்கவுமில்லை. தொடங்கிய இடத்துக்கே அழைத்துச் சென்று, பாடத்தை மீண்டும் காட்டினார். ஆயினும் அவரிடமும் ஒரு தப்பெண்ணம் இருந்தது. வாலை முதுகின்மேல் வளைத்து நிமிர்ந்து நடக்கும் நாய் இப்பணிக்குப் பெரும்பாலும் உதவாது என்று அவர் கருதினார். நமது பழமொழியைக் கேட்டறியாத ஒருவர், வாலின் வளைவைக் கொண்டே அதே தீர்ப்பை எழுதியது வியப்புக்குரியது.

இத்தகைய எண்ணங்களை எதிர்த்து எழுந்ததே கீழ்ப்படிதற் போட்டி. நியூயார்க் நகருக்கு அண்மையில் வாழ்ந்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் இன நாய்களை வளர்த்து வந்தார். மயிரைக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் அந்நாயைப் பலரும் பொம்மை நாய் என்று எள்ளினர். சொல்லால் மறுப்பதை விடச் செயலால் மறுப்பதே தக்கதென அவர் துணிந்தார். 1933ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மவுண்ட் கிஸ்கோவில் இருந்த தம் தந்தையாரின் பண்ணையில், எல்லா இனங்களுக்கும் பொதுவான ஒரு தேர்வை நடத்தினார். கலந்துகொண்டவை எட்டே நாய்கள். 1936ஆம் ஆண்டில் அமெரிக்க நாய்வளர்ப்போர் கழகம் அத்தேர்வுக்கு விதிகள் வகுத்து ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு வாக்கர் அம்மையாரும் அவருடைய உதவியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸும் மூன்று பூடில் நாய்களை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சுமார் 10,000 மைல் பயணம் செய்து, ஊர் ஊராக இக்கலையைக் காட்டினர்.

போட்டியின் அமைப்பு எளியது. வாருடனும் வாரின்றியும் நாய் தன் எசமானின் இடப்பக்கம் ஒட்டி நடக்க வேண்டும். அவர் நின்றால் அமர வேண்டும். தொலைவிலிருந்து ஒருமுறை அழைத்ததும் நேரே வந்து முன்னால் அமர வேண்டும். அடுத்த படியில், ஓடிவரும்போதே ஒரு சொல்லுக்குப் படுக்க வேண்டும். தடை தாண்டிப் பொருளை எடுத்துவர வேண்டும். உயர்ந்த படியில், ஒரேவிதமான பல பொருள்களுக்கு நடுவே எசமானின் கைபட்ட ஒன்றை மோப்பத்தால் அறிந்து கொணர வேண்டும். மொத்தம் 200 புள்ளிகள். தேறுவதற்கு 170 வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் பெற்றிருக்கவும் வேண்டும். மூன்று முறை தேறினால்தான் பட்டம். நடுவர் பார்ப்பது நாயின் நிறத்தையோ காதின் வடிவையோ அன்று, அதன் செயலை. அஞ்சி ஒடுங்கிப் பணிவதை விட, விரும்பிப் பணிவதே மேலானதாக மதிக்கப்படுகிறது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 1955ஆம் ஆண்டு முதல் கீழ்ப்படிதற் போட்டி இடம்பெற்றது. ஆயின் அங்கே பரிசுகளை மிகுதியாக வென்றவை ஆட்டு மந்தை மேய்க்கும் கோலி போன்ற சில இனங்களே. அப்படியானால் பழைய தீர்ப்பே சரிதானா?

இக்கேள்விக்கு விடை தந்தவர்கள் ஸ்காட், புல்லர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். ஐந்து இன நாய்களை ஒரே சூழலில் வளர்த்து ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அவ்வைந்தில் ஒன்று ஆப்பிரிக்க வேடரின் பசெஞ்சி. வால் முதுகின்மேல் இறுகச் சுருண்ட நாய். வாரிற் கட்டி நடத்தியபோது அது முரண்டு பிடித்தது. அதே நாய், காலாலும் வாயாலும் முயன்று மறைத்து வைத்த உணவை எடுக்கும் சோதனையில் சிறந்து விளங்கியது. எல்லாவற்றிலும் முந்திய இனமும் இல்லை, எல்லாவற்றிலும் பிந்திய இனமும் இல்லை என்பது தெளிவாயிற்று. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதருடன் பழகும் குட்டியே பின்னர் மனிதரை நம்பும் என்பதும் புலனாயிற்று. 2022ஆம் ஆண்டில் மரபணுக்களைக் கொண்டு செய்யப்பட்ட பேராய்வு ஒன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்பதளவே என்று கண்டது. பணிதலில் இனத்தின் சாயல் சற்று மிகுதியாயினும், ஒரு நாயின் இனத்தைக் கொண்டு அதன் குணத்தைச் சொல்லிவிட முடியாது.

கற்பிக்கும் முறையும் இதற்கிடையே மாறியது. 1951ஆம் ஆண்டில் உளவியலறிஞர் ஸ்கின்னர், சரியான செயல் நிகழும் அக்கணமே சிறு ஒலியொன்றை எழுப்பி, உடனே உணவு தந்தால், எந்த விலங்கும் விரைந்து கற்கும் என்று பொதுமக்களுக்கு விளக்கி எழுதினார். தவறுக்குத் தண்டனை என்பது பின்சென்று, சரியானதற்குப் பரிசு என்பது முன்வந்தது.

நம் நாடுகளின் கதை என்ன? இலங்கைப் பொலிஸார் 1948ஆம் ஆண்டில் நாய்ப் பிரிவைத் தொடங்கினர். அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் அமைந்தது. சென்னைப் பொலிஸாரும் 1950களின் தொடக்கத்தில் மோப்ப நாய்ப் படை அமைத்தனர். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் அருகிலிருந்தும், நெடுங்காலம் காவற் பணிகளுக்குச் சிறப்பாக நாடப்பட்டவை அல்சேஷன், லாப்ரடார் முதலிய அயல்நாட்டு இனங்களே. 2016ஆம் ஆண்டளவில்தான் இந்திய இராணுவம், கருநாடகத்து முதோல் வேட்டை நாயை மீரட் பயிற்சிக் கல்லூரிக்கு அழைத்தது. 2024ஆம் ஆண்டில் லக்னோவில் நடந்த அகில இந்தியப் பொலிஸ் போட்டியில், எல்லைக் காவற் படையின் 'ரியா' என்ற முதோல் பெண் நாய், அயல்நாட்டு இனங்களையெல்லாம் வென்று முதலிடம் பெற்றது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் பின்னர், தெருநாய்களைக் கொல்வதை விடுத்துத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வது அரசின் கொள்கையாயிற்று. உயிர் பிழைத்த நாய்க்கு இனி வேண்டுவது ஆசான். திருகோணமலைக் கடற்கரையில் வலைகளுக்கருகே சுருண்டு படுத்திருக்கும் நாய்க்குட்டிக்கும், சீமையிலிருந்து வந்த குட்டிக்கும், மனிதரை நம்பக் கற்கும் வாரங்கள் ஒன்றே. ஒன்றுக்குப் பொறுமையுள்ள கை கிட்டுகிறது. மற்றதற்குக் கல்லெறி கிட்டுகிறது. பின்னர் இரண்டின் நடத்தையையும் ஒப்பிட்டு, இனத்தின்மேல் பழி சுமத்துவது நீதியாகாது. வாலை நிமிர்த்த வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. வளைந்த வாலோடேயே நாய் கற்கும், கற்பிப்பவர் உளராயின்.