புலம்பெயர் மனநலச் செவிலியர் (பிரிட்டன்)

புலம்பெயர் மனநலச் செவிலியர்: பிற நாடுகளிலிருந்து வந்து, பிரிட்டனின் மனநல மருத்துவமனைகளிலும் சமூக மனநலக் குழுக்களிலும் பணிபுரியும் செவிலியர்.

வகைப்பாடு: பிரிட்டனில் செவிலியம் வயது வந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு துறைகளாகப் பதிவு செய்யப்படுகிறது. மாறாக, எடுத்துக்காட்டாக இந்தியாவில், மனநலம் பொதுச் செவிலியப் படிப்பின் ஒரு பாடம். வெளிநாட்டில் பயின்றோர் பிரிட்டனில் பதிவு பெறக் கணினித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும்.

பணி இயல்பு: உரையாடல், இடர் மதிப்பீடு, கொந்தளிப்பைத் தணித்தல் ஆகியவை முதன்மையானவை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 5(4) பிரிவு, தாமாகச் சேர்ந்து சிகிச்சை பெறும் உள்நோயாளியை, தேவையெனில், 6 மணி நேரம் வரை தடுத்துவைக்கும் அதிகாரத்தை உரிய தகுதியுள்ள செவிலியருக்கு வழங்குகிறது. வட்டாரப் பேச்சு, துயரைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வழக்கு, நோயாளியின் சட்ட உரிமைகள் ஆகியவற்றைப் புதியவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

வரலாறு: 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின் அயர்லாந்து, கரீபியத் தீவுகள், மொரீஷியஸ் முதலிய இடங்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. பற்றாக்குறை மிகுந்த மனநல மருத்துவமனைகளில் பலர் அமர்த்தப்பட்டனர். கரீபியர் பலர் மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பதிலாக, தகுதி குறைந்த இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர்.

முக்கியத்துவம்: தேசிய சுகாதார சேவையின் தொடக்கம் முதலே பிரிட்டனின் மனநலச் சேவை புலம்பெயர்ந்தோரின் உழைப்பைச் சார்ந்துள்ளது.