கைமாறும் அலைவரிசை: அமெரிக்க வானொலியில் உரிமை மாற்றமும் இசை வகைமையும்

1974 நவம்பரில் நியூயார்க்கின் 104.3 எஃப்எம் அலைவரிசையில் மேற்கத்திய செவ்வியல் இசை நின்று ராக் இசை ஒலிக்கத் தொடங்கியது. டபிள்யூஎன்சிஎன் என்ற நிலையத்தின் பெயரும் மாறிற்று. நேயர்கள் சங்கம் கட்டிப் போராடினார்கள். மறு ஆண்டே நிலையம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போக, செவ்வியல் இசையும் பழைய பெயரும் திரும்பின. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரால் அறியப்படும் வழக்கு 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நேயர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1993 இறுதியில் அதே அலைவரிசை மறுபடியும் ராக் இசைக்குப் போனபோது, முறையிட அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

நிலையத்தை வாங்குபவர் அந்த நகரத்தின் ரசனையில் எது குறைகிறதென்று ஆராய்ந்து அதை நிரப்புகிறார் என்பது வானொலித் தொழில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விளக்கம். அது பாதி உண்மை. அதே நகரத்தில் அவர் கையில் ஏற்கெனவே என்னென்ன நிலையங்கள் இருக்கின்றன என்பதே புதிய வகைமையைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இதைப் பாடல் பட்டியல்களைக் கொண்டு அளந்து காட்டவும் முடியும். அளக்க முடியும் என்பதால், 1981 தீர்ப்புக்குத் துணைநின்ற முக்கியமான காரணம் ஒன்று இன்று வலுவிழந்துவிட்டது என்பது என் வாதம்.

வகைமை என்ற கருத்துக்கும் கைமாற்றத்துக்கும் உள்ள உறவு பழையது. 1949இல் ஒமாஹா நகரின் கேஓடபிள்யூஎச் நிலையத்தை வாங்கிய ஸ்டோர்ஸ் குடும்பத்தின் டாட் ஸ்டோர்ஸ்தான், அதிகம் விரும்பப்படும் சில பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் டாப் 40 முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். பிறகு நியூ ஆர்லியன்ஸ், கான்சாஸ் சிட்டி என்று ஒவ்வொரு நகரிலும் நிலையம் வாங்கி, அதே முறையைக் கொண்டுபோனார்.

பின்வந்தவர்கள் இதை ஒரு தொழில்நுட்பமாகவே ஆக்கினார்கள். பாடலின் சில விநாடித் துணுக்கைத் தொலைபேசியில் கேட்கவைத்துக் கருத்துக் கேட்பார்கள். அரங்கில் ஆட்களைக் கூட்டி நூற்றுக்கணக்கான துணுக்குகளுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். விளம்பரதாரர்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் 25 முதல் 54 வயதினருக்கு. எழுபது வயது நேயர் நாள் முழுதும் கேட்டாலும் கணக்கில் அவருக்கு எடை குறைவு. இத்தோடு கடனும் சேர்கிறது. நிலையத்தைப் பெருங்கடனில் வாங்கியவருக்கு வட்டி முதல் மாதமே தொடங்கிவிடும். மெல்ல வளரும் நேயர் கூட்டத்துக்காக அவரால் காத்திருக்க முடியாது. அதனால்தான் மாற்றம் அவ்வளவு திடீரென்று வருகிறது. பழைய அறிவிப்பாளர்கள் விடைபெறக்கூட வாய்ப்பின்றி வெளியேற்றப்படுவதுண்டு. இடைப்பட்ட நாட்களில் ஒரே பாட்டையோ கிறிஸ்துமஸ் பாடல்களையோ சுழலவிட்டுப் பழைய நேயர்களை விலகச் செய்வதும் வழக்கம்.

1996 பிப்ரவரியில் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இந்தப் போக்கின் அளவையே மாற்றியது. ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள் வரை வைத்திருக்கலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன.

ஒரே கையில் பல நிலையங்கள் குவிவது நேயருக்குக் கேடு என்றுதான் முதலில் தோன்றும். பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் 1952இலேயே இதற்கு நேர்மாறான வாதத்தை வைத்திருந்தார். ஓர் ஊரில் நூறு நேயர்களில் எண்பது பேருக்கு ஒருவகை இசையும் இருபது பேருக்கு வேறொன்றும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலையங்களும் மூன்று பேருக்குச் சொந்தமென்றால் மூவரும் எண்பதையே பங்குபோடுவார்கள். ஆளுக்கு இருபத்தாறுக்கு மேல் கிடைக்கும்போது இருபதுக்காக யாரும் போகமாட்டார்கள். மூன்றும் ஒருவருக்கே சொந்தமென்றால், எண்பது பேருக்கு ஒரு நிலையம் போதும். மிச்சமிருக்கும் இருபது பேரையும் அவர் தேடிப் போவார். ஸ்டீவன் பெரியும் ஜோயல் வால்ட்ஃபோகலும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 1996க்குப் பிந்தைய இணைப்புகள் வகைமைகளின் பன்மையைக் கூட்டியதாகவே கண்டது.

ஆனால் அவர்கள் எண்ணியது வகைமைகளின் பெயர்களை. அமெரிக்க வானொலியில் இந்தப் பெயர்கள் விளம்பரதாரருக்காக ஒட்டப்படும் முகப்புச் சீட்டுகள்; இரண்டு வெவ்வேறு பெயர்களுக்குக் கீழே ஒரே பாடகர்களின் ஒரே பாடல்கள் ஓடலாம். ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் 2010இல் வெளியிட்ட ஆய்வு பெயர்களை விட்டுவிட்டுப் பாடல் பட்டியல்களையே ஒப்பிட்டது. ஒரே உரிமையாளரின் கீழ் வந்த நிலையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. தன் நேயரைத் தன் இன்னொரு நிலையமே பறிக்கக் கூடாதல்லவா? இதுவரை ஸ்டைனர் சொன்னது சரி. ஆனால் விலகும் நிலையம் யாரும் தொடாத வெற்றிடத்துக்குப் போவதில்லை. போட்டி நிறுவனத்தின் நிலையத்தை நெருங்கிப் போய் அதன் நேயர்களை ஈர்க்கிறது. நகரத்தின் மொத்தப் பன்மை கூடவில்லை என்பது அவர் முடிவு. ஸ்டைனரின் உதாரணத்தில் இருபது பேரைத் தேடிப்போக உரிமையாளருக்குக் காரணமிருந்தது, அங்கே வேறு போட்டியாளரே இல்லாததால்தான். உண்மையான நகரங்களில் பக்கத்திலேயே பறிக்கத்தக்க நேயர் கூட்டம் எப்போதும் இருக்கிறது.

இனி சட்டம். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுநலனுக்கு உகந்தது என்று எஃப்சிசி எனப்படும் தகவல்தொடர்பு ஆணையம் கண்டால்தான் நிலைய உரிமம் கைமாற முடியும். 1970களில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பொருள் கொடுத்தது. முதலில் அட்லான்டாவின் டபிள்யூஜிகேஏ வழக்கு. அடுத்து, 1974இல், சிகாகோவின் டபிள்யூஇஎஃப்எம் வழக்கு. தனித்தன்மையுள்ள ஒரு வகைமை கைவிடப்பட, கணிசமான மக்கள் எதிர்க்க, அந்த வகைமை நட்டத்தில் ஓடியதாகவும் நிறுவப்படாவிட்டால், ஆணையம் விசாரணை நடத்த வேண்டும் என்பது அதன் நிலை. ஆணையம் 1976இல் இதை ஏற்க மறுத்தது. சந்தையே பன்மையைத் தரும் என்றது. 1981இல் நீதிபதி பைரன் வொய்ட் எழுதிய 7க்கு 2 தீர்ப்பு அதை நியாயமான கொள்கை என்று ஏற்றது. எந்தச் சூழ்நிலையிலும் விசாரிப்பதில்லை என்ற விறைப்பு கூடாது, விதிவிலக்குக்கு ஒரு வழி வேண்டும் என்று நீதிபதி மார்ஷல் மறுத்தெழுதினார்; நீதிபதி பிரென்னன் அவருடன் உடன்பட்டார்.

ஆணையத்தின் தரப்பில் கனமான வாதம் ஒன்றிருந்தது என்பதை மறைக்கக் கூடாது. எது தனித்தன்மை என்று ஓர் அரசு அலுவலகம் எப்படித் தீர்ப்பளிக்கும்? சிகாகோவில் டபிள்யூஎஃப்எம்டி, நியூயார்க்கில் டபிள்யூகியூஎக்ஸ்ஆர் என்று செவ்வியல் இசை தரும் வேறு நிலையங்கள் அப்போதே இருந்தன. இசையின் தரத்தை அதிகாரி எடைபோடுவது பேச்சுரிமைக்கே ஆபத்து. இது நேர்மையான அச்சம். ஆனால் தரத்தை எடைபோடுவது வேறு, இரண்டு நிலையங்கள் எந்த அளவு ஒரே பாடல்களைப் போடுகின்றன என்று எண்ணுவது வேறு. ஸ்வீட்டிங் செய்தது இரண்டாவது வகை வேலை. 1981இல் நீதிபதிகள் முன் அப்படியொரு அளவுகோல் இருக்கவில்லை.

சந்தை காக்காததை வேறுவகை உரிமையாளர் காத்ததும் உண்டு. 1944 முதல் நியூயார்க் டைம்ஸிடம் இருந்த டபிள்யூகியூஎக்ஸ்ஆர் 2009இல் கைமாறியது. 96.3 அலைவரிசை யூனிவிஷனின் ஸ்பானிய இசைக்குப் போக, செவ்வியல் இசையை டபிள்யூஎன்ஒய்சி என்ற பொது வானொலி வாங்கி, வலிமை குறைந்த 105.9இல் தொடர்ந்தது. அலைவரிசைப் பரிமாற்றத்துக்கு யூனிவிஷன் கொடுத்தது 3.35 கோடி டாலர். பொது வானொலி கொடுத்தது 1.15 கோடி. ஆனால் லாபநோக்கற்ற உரிமையாளர் என்பதே உத்தரவாதமாகிவிடாது. 2019இல் நியூயார்க்கின் டபிள்யூபிஎல்ஜே உட்பட 6 நிலையங்களை 10.35 கோடி டாலருக்கு வாங்கிய கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்பும் லாபநோக்கற்றதுதான். அது தந்தது நாடெங்கும் ஒரே ஊற்றிலிருந்து வரும் கே-லவ் ஒலிபரப்பு.

ஆகவே உரிமையாளரின் வகையை நம்பியிருப்பதைவிட, கைமாற்ற விண்ணப்பத்தில் இரண்டே இணைப்புகளை ஆணையம் கேட்கட்டும்: விற்கப்படும் நிலையத்தின் ஓராண்டுப் பாடல் பட்டியல், அந்த நகரில் வாங்குபவரிடம் ஏற்கெனவே உள்ள நிலையங்களின் பட்டியல். விற்கப்படும் நிலையம் போடும் இசை அந்த நகரில் வேறெங்கும் ஒலிக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கையில் தெரிந்தால், ஒப்புதலுக்கு முன் நேயர்களை அழைத்துக் கேட்கட்டும். மார்ஷல் கேட்ட விதிவிலக்கு வழி இதுவே. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டமே போதும்.