யாழ்ப்பாணத்தில் மகளிர் வைத்தியம்

மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த பெருமை யாழ்ப்பாணத்துக்குரியது. 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சார்பில் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு 60க்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். மவுன்செல் என்பார் எழுதிய பிரசவ வைத்திய நூல் அவர் முயற்சியால் 1857இல் தமிழில் வெளிவந்தது.

ஆயினும், அந்நூலைக் கற்றோர் ஆடவரே. அயலாடவர் ஒருவர் பெண்ணைத் தொட்டுச் சோதித்தல் அக்கால ஒழுக்கத்துக்கு ஒவ்வாததாயிருந்தது. ஆதலின் பிரசவம் வீட்டின் உள்ளறையில், வழிவழிவந்த மருத்துவிச்சியின் கையிலேயே தங்கிற்று. அவளுக்குக் கைப்பழக்கம் இருந்தது, நூலறிவு எட்டவில்லை. வைத்தியருக்கு நூலறிவு இருந்தது. உள்ளறைக்குட் செல்லும் உரிமை இல்லை. நூல் தமிழில் இருந்தும் தமிழ்ப் பெண்ணுக்குப் பயன்படாது நின்றமைக்கு இதுவே காரணம்.

இக்குறையைப் போக்க, மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் பிறநாடுகளிற் பொருள் திரட்டினர். அதன் பயனாக 1898இல் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. பெண்களைப் பெண்களே பார்த்த அவ்விடத்தில், ஸ்கொத்லாந்து நாட்டவரான வைத்தியர் இசபெல்லா கேர் நெடுங்காலம் பணியாற்றினார். உள்ளூர் மகளிர் தாதியராகப் பயின்றனர். கைப்பழக்கமும் நூலறிவும் ஒருங்கே கூடத் தொடங்கின.

வைத்தியசாலைக்கு வர இயலாதவர் நிலை என்ன? அதற்கு விடை அரசாங்கத்தின் முயற்சியிற் பிறந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவ, பயிற்சிபெற்ற மருத்துவமாது வீடுதேடி வந்தாள். 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை 40க்குட்பட்டது. மலேரியா ஒழிப்பும், பெனிசிலினும், இரத்தமேற்றலும் இதற்கு உதவின என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், தாயை உரிய வேளையில் அவ்வுதவிகளிடம் சேர்ப்பித்தவள் மருத்துவமாதே.

1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதடைந்த பெண்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகக் கட்டி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்காக அங்கே சோதிக்கப்படுகின்றனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தொடக்கத்தில் யாதொரு குறியுங் காட்டாது; சோதித்தாலன்றி அறியவொண்ணாது. அன்று பெண்ணுக்கும் வைத்தியத்துக்கும் இடையே நின்ற நாணம், இன்றும் “நோயில்லாத எனக்கு வைத்தியசாலை எதற்கு?” என்ற வினாவாக நிற்கின்றது. வைத்தியம் வாயில்வரை வந்துவிட்டது. கதவைத் திறத்தல் வீட்டாரின் கடனாகும். அதனை வீட்டாருக்கு உணர்த்துதல் கற்றோர் கடனாகும்.