சாப்பாட்டு மேசையும் சுவரின் நிறமும்

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1885இல் வட்டகொடை வழியே நானுஓயாவுக்கு ரயில் வந்தது. மலையகத்தில் இருவகைச் சுவர்கள் எழுந்தன.

துரை பங்களாவில் நீண்ட மர மேசை. அதற்கேற்ற சுவர், திரைச்சீலை. லயத்திலோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மேசைக்கு இடமேது? தோட்டம் அடித்த சுண்ணாம்பே நிறம். அதனையும் அடுப்புப் புகை கறுப்பாக்கிற்று.

இன்று சிலர் தனிவீடு கட்டிப் பலாமர மேசை போடுகின்றனர். புதிதில் மஞ்சளாயிருக்கும் பலா, நாட்பட நாட்படச் செம்பழுப்பாகும். அதற்கு வெண்மையோ தேயிலைக் கொழுந்தின் இளம்பச்சையோ பொருந்தும்; கடுஞ்சிவப்பு மரத்தின் அழகை மறைத்துவிடும்.

நிறம் தேர்வது அற்ப காரியமன்று. சுவர் தனதென்று ஆனவனுக்கே அது வாய்க்கும். காணியுறுதி இன்னும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லையே!