சிறுவர் மூளையழற்சி: கொழும்பில் சிகிச்சையும் தடுப்பும்

மூளையழற்சி என்பது மூளைத் திசுவில் உண்டாகும் அழற்சி. வைரசு மூளையை நேரடியாகத் தாக்குவதாலும், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் மூளையையே பகையாகக் கருதித் தாக்குவதாலும் இது வரும். காய்ச்சல், வலிப்பு, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், திடீர் நடத்தை மாற்றம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளின் குழந்தைகளுக்கு உயர் சிகிச்சை தரும் அரச நிலையம் பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அங்கே சிகிச்சை இலவசம்.

சிகிச்சை

காரணம் உறுதியாகும் முன்பே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். முதலில் சுவாசத்தைக் காத்து, வலிப்பை நிறுத்தி, மூளை வீக்கத்தைக் குறைப்பார்கள். கடும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படும். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. ஆகியவை காரணத்தைக் கண்டறிய உதவுகின்றன.

ஹெர்பிஸ் வைரசுக்கு மருந்து உண்டு. அதனால் ஐயம் எழுந்தவுடனேயே அசைக்ளோவிர் மருந்தை நாளம் வழியாகத் தொடங்குவார்கள். நோய் உறுதியானால் 14 முதல் 21 நாள் வரை தொடரும். சிகிச்சையின்றி விட்டால் ஹெர்பிஸ் மூளையழற்சி கண்டோரில் பெரும்பாலோர் இறந்துவிடுவர்.

நோயெதிர்ப்புக் கோளாறால் வருவனவற்றுள் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி முக்கியமானது. 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் இதை விவரித்தனர். நன்றாக இருந்த பிள்ளை திடீரெனப் பிதற்றும், உறங்காது, கைகால்களை முறுக்கும். இதைப் பேய்க் கோளாறென்று நினைத்து நாட்களைக் கடத்துவது பெருந்தீங்கு. மெத்தில்பிரெட்னிசோலோன், இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை முதற்கட்டச் சிகிச்சை. பலன் போதாவிட்டால் ரிட்டுக்சிமாப் அல்லது சைக்ளோபொஸ்பமைட் தரப்படும். தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். எனினும் உரிய சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் நன்கு தேறுகின்றனர்.

உயிர் தப்பிய சிறுவருக்கு வலிப்பு, நினைவுக் குறை, கற்றல் இடர் எஞ்சக்கூடும். ஆகவே இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் சிகிச்சையின் பகுதிகளே.

தடுப்பு

நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புகள் யப்பானிய மூளையழற்சியைப் பரப்புகின்றன. இதற்குக் குறித்த மருந்து இல்லை. நோயுற்றோரில் 30 வீதம் வரை இறக்கலாம். 1985-86இல் அனுராதபுரப் பகுதியில் பெருமளவில் பரவியதையடுத்து, 1988இல் இலங்கை தடுப்பூசி வழங்கத் தொடங்கியது. 2009இல் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த தடுப்பூசி அறிமுகமானது. தட்டம்மைத் தடுப்பூசியும் அந்நோயால் விளையும் மூளையழற்சியைத் தடுக்கிறது. மூளையழற்சி இலங்கையில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கண்டால் விடியும்வரை காத்திராமல் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.