ஒரு கினி முன்பணம், ஒன்பது வருஷக் காத்திருப்பு

ப்ரீ ஆர்டர்னா நமக்கு போனும் கேமும்தான் ஞாபகம் வரும். 18-ஆம் நூற்றாண்டு லண்டன்ல புத்தகங்களையே அப்படி வித்தாங்க. பதிப்பாளர்கிட்ட போனா, ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை மொத்தமா வாங்கிக்குவார். அதனால சில எழுத்தாளர்கள் வாசகர்கிட்ட நேரா முன்பணம் கேட்டாங்க.

அலெக்சாண்டர் போப் இதைக் கச்சிதமா செஞ்சார். இலியட் மொழிபெயர்ப்பு, 6 பாகம், 6 கினி. (கினின்னா 21 ஷில்லிங்.) முதல்ல 2 கினி, மிச்சம் பாகம் வர வர. 1715-ல தொடங்கி 1720-ல முடிச்சார். 575 பேர் சேர்ந்தாங்க. அவருக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட 5,000 பவுண்டு. எந்த ஒரு பிரபுவோட தயவும் இல்லாம வாழ அது போதும்.

சாமுவேல் ஜான்சன் கதை வேற. அகராதி வெளியிட்டு ஒரு வருஷம்கூட ஆகல, 1756 மார்ச்சில் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காகக் கைதானார். ஜூன்ல ஷேக்ஸ்பியர் பதிப்பை அறிவிச்சார்: 8 பாகம், 2 கினி, பாதி இப்போ, பாதி டெலிவரில. 1757 கிறிஸ்துமஸுக்குள்ள வரும்னார். வந்தது 1765 அக்டோபர்! நடுவுல, 1762-ல, சார்லஸ் சர்ச்சில்ங்கிற கவிஞர் இதை வச்சுக் கவிதையிலேயே கிண்டலடிச்சார். சந்தாதாரர் பட்டியலை ஏன் அச்சிடலன்னா, பேர்களைத் தொலைச்சுட்டேன், பணத்தையும் செலவழிச்சுட்டேன்னு ஜான்சன் சொன்னதா பதிவு இருக்கு.

சோம்பேறின்னு திட்டலாம். நான் குறை சொல்றது அந்த ஒப்பந்தத்தைத்தான். அடுத்த கினி வேணும்னா போப் அடுத்த பாகத்தைக் கொடுத்தாகணும். ஜான்சனுக்கு நடுவுல அப்படி எந்தக் கட்டாயமும் இல்ல. வாங்கினவங்க கையில இருந்தது ஒரு ரசீது மட்டும்.

இத்தனைக்கும் புத்தகம் வந்ததும் வேகமா வித்துச்சு. அதே வருஷம் ரெண்டாம் பதிப்பு.